தாடி ஐரிஸும் குமரி மழையும்

முந்தின வருடம் பங்குனியில் எனக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே செய்தித்தாளில் சுருட்டிய மூன்று கிழங்குகள். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமன், மேலே கத்தரித்து விட்ட இலைகள் விசிறி மாதிரி. கூடவே ஊதாவும் மஞ்சளுமாக ஒரு பூவின் படம். பியர்டட் ஐரிஸ். ஆன்லைனில் படத்தைப் பார்த்து மயங்கி வாங்கியது.

மார்த்தாண்டம் பக்கத்தில் இருப்பவனுக்குக் கிழங்கு நடச் சொல்லியா தரவேண்டும்? மரச்சீனி, சேனை, காச்சில், சிறுகிழங்கு, இஞ்சி, மஞ்சள் என்று கிழங்கிலேயே வளர்ந்த ஊர். இஞ்சிக்குச் செய்வதையே செய்தேன். இரண்டு கிழங்கை வீட்டு விளையில் குழி எடுத்து வைத்து, சாணப்பொடி போட்டு, மண்ணால் நன்றாக மூடி, மேலே தழை பரப்பி, தினமும் தண்ணீர் ஊற்றினேன். மூன்றாவதை ஒரு மண்தொட்டியில் வைத்து, இடமில்லாமல் ஓட்டுத் தாழ்வாரத்தின் ஓரத்தில் ஒதுக்கினேன். சித்திரை முழுக்க இலை ஜோராக வந்தது. பக்கத்து விளைப் பாட்டா எட்டிப் பார்த்து, "என்ன மக்ளே, வசம்பா நட்டிருக்க? வசம்புன்னா வெள்ளம் நிக்கணும்லா" என்றார்.

நானும் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன்.

இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கி மூன்றாவது வாரம், ஒரு செடி சாய்ந்து கிடந்தது. நிமிர்த்தலாம் என்று இலைக்கொத்தைப் பிடித்ததும் அப்படியே கையோடு வந்துவிட்டது. வேர், கிழங்கு எதுவும் கூட வரவில்லை. மண்ணைக் கிளறினால் தோல் மட்டும் கிழங்கு வடிவத்தில் இருந்தது. அழுத்தினால் உள்ளேயிருந்து கஞ்சி மாதிரி வெளிறிய கூழ், செத்த எலி நாற்றம். இரண்டாவது கிழங்கும் அதே கதி. தொட்டியில் இருந்தது மட்டும் பிழைத்தது. ஆனால் அது இன்றுவரை ஒரு பூகூடப் பூக்கவில்லை.

அழுகியது ஒரு பிரச்சினை, பூக்காதது இன்னொரு பிரச்சினை. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. நம்மூரில் இந்தச் செடியை வாங்கி ஏமாந்தவர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, "நம்ம மண்ணுக்கு ஆகாது" என்று முடித்துவிடுகிறார்கள். மண்ணை மாற்றலாம், அது பெரிய விஷயமே இல்லை. மாற்ற முடியாதது வேறொன்று.

தாடி எங்கே இருக்கிறது?

ஐரிஸ் என்பது ஏறத்தாழ 300 இனங்கள் கொண்ட ஒரு பேரினத்தின் பெயர். கிரேக்கர்களின் வானவில் தேவதையின் பெயரை இதற்கு வைத்தார்கள். நிறங்களைப் பார்த்தால் ஏன் என்று புரியும். பூவில் மூன்று இதழ்கள் மேலே நிமிர்ந்தும் மூன்று கீழே தொங்கியும் இருக்கும். தொங்கும் இதழின் நடுவில், கம்பளிப்பூச்சி ஊர்வது போல ஒரு மயிர்க்கோடு உண்டு. அதுதான் தாடி, வண்டுக்கும் தேனீக்கும் உள்ளே போக வழிகாட்டும் கோடு. இந்தத் தாடி உள்ள வகைகளைத்தான் இங்கே தாடி ஐரிஸ் என்று சொல்கிறேன். பூங்கொத்துக் கடைகளில் நீண்ட தண்டோடு வரும் நீல ஐரிஸ் பெரும்பாலும் டச்சு ஐரிஸ். அது வெங்காயம் போன்ற குமிழிலிருந்து வளர்வது, அதன் கதையே வேறு.

தாடி ஐரிஸின் முன்னோர்கள் வளர்ந்தது தென் ஐரோப்பாவிலும் மத்தியதரைக் கடலோரத்திலும் மேற்கு ஆசியாவிலும். அங்கெல்லாம் குளிர்காலத்தில் மழையோ பனியோ உண்டு, கோடையில் மண் காய்ந்து வெடித்துக் கிடக்கும். இந்தியாவில் இதை இயல்பாகப் பார்க்க வேண்டுமானால் காஷ்மீருக்குப் போகவேண்டும். அங்கே கல்லறைத் தோட்டங்களில் ஐரிஸ் நடுவது பழைய வழக்கம். வசந்தம் வந்தால் கல்லறைகள் ஊதாவும் வெள்ளையுமாக மூடிக்கிடக்கும். யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, உரம் வைப்பதில்லை. பனி பெய்யும், உருகும், பூக்கும், கோடையில் சும்மா கிடக்கும். குறிப்பாக அந்தச் சும்மா கிடக்கும் காலம் ரொம்ப முக்கியம்.

வாழை போலத்தான், ஆனால்

நாம் கிழங்கு என்று சொல்லும் அந்தப் பகுதி உண்மையில் வேர் இல்லை, தண்டு. பள்ளிக்கூடத் தாவரவியலில் மட்டநிலத்தண்டு என்று படித்திருப்போம். இஞ்சியும் மஞ்சளும் அதே வகைதான். படுக்கையாக ஊர்ந்து வளர்ந்து, கீழே வேரும் முனையில் இலைக்கொத்தும் விடும். உள்ளே மாவுச்சத்தும் நீரும் சேர்த்து வைத்திருக்கும். கோடையில் மழையே இல்லாத ஊரில் வளர்ந்த செடிக்கு அது ஒரு பத்தாயம்.

வாழை வளர்த்தவர்களுக்கு இதன் வாழ்க்கை எளிதாகப் புரியும். ஒரு வாழை ஒரே ஒரு குலைதான் தள்ளும், அடுத்த குலை பக்கக்கன்றிலிருந்து. ஐரிஸும் அப்படியே. ஒரு கிழங்கு ஒரே தடவை பூக்கும். பூத்த பிறகு அதன் இரு பக்கத்திலும் புதுக் கிழங்குகள் முளைத்து, அடுத்த வருடப் பூவுக்குத் தயாராகும். மூன்று நான்கு வருடத்தில் கூட்டம் நெருங்கிவிடும். அப்போது தோண்டிப் பிரித்து நடவேண்டும்.

வாழையோடு ஒற்றுமை அங்கேயே முடிகிறது. வாழைக்கு ஈரம் வேண்டும், இஞ்சிக்கு நிழலும் மூடாக்கும் வேண்டும், வசம்புக்குச் சேறே வேண்டும். பாட்டாவைக் குறை சொல்லவும் முடியாது. வாள் மாதிரி இலையைப் பார்த்தால் வசம்பும் ஐரிஸும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். ஆனால் தாடி ஐரிஸ் கிழங்கு மண்ணுக்குள் புதைந்து கிடக்கவே விரும்பாத கிழங்கு. குளத்தில் படுத்துக்கிடக்கும் எருமையின் முதுகு தண்ணீருக்கு மேலே தெரியுமே, அந்த அளவு அதன் முதுகு மண்ணுக்கு மேலே தெரியவேண்டும். வெயில் பட்டு, தோல் காய்ந்து இறுகினால்தான் அது ஆரோக்கியமாக இருக்கும். மண் அணைப்பதும் தழை மூடுவதும் நமக்குக் கைப்பழக்கம். என் இரண்டு கிழங்கையும் கொன்றது அந்தக் கைப்பழக்கம்தான்.

ஈரம் என்ன செய்கிறது?

தண்ணீர் விஷம் இல்லை, ஐரிஸுக்கும் தண்ணீர் வேண்டும். ஈரமும் வெப்பமும் சேர்ந்து, காற்றில்லாத மண்ணில் சந்திக்கும்போதுதான் வினை.

வேரும் மூச்சு விடுகிறது. மண்துகள்களுக்கு இடையே உள்ள இடுக்குகளில் இருக்கும் காற்றிலிருந்துதான் அதற்கு ஆக்சிஜன். மழை விடாமல் பெய்து அந்த இடுக்கெல்லாம் தண்ணீர் நிரம்பிவிட்டால், ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் இருப்பதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைந்துவிடும். குளிர் நாட்டில் இது நடந்தால் வேர் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும், ஏனென்றால் குளிரில் அதற்கு மூச்சுத் தேவையே குறைவு. நம்மூரில் மழை பெய்யும்போதும் மண் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. வேருக்குத் தேவை அதிகம், கிடைப்பது குறைவு. வேர் சாகத் தொடங்கும்.

செத்த வேரின் காயம் வழியாக உள்ளே நுழைவது பெக்டோபாக்டீரியம் என்ற பாக்டீரியா. பழைய புத்தகங்களில் எர்வினியா என்று இருக்கும். உருளைக்கிழங்கையும் கேரட்டையும் கூழாக்கும் கூட்டமும் இதுதான். செங்கல்லையும் செங்கல்லையும் சாந்து ஒட்டி வைத்திருப்பது போலச் செடியின் செல்களைப் பெக்டின் ஒட்டி வைத்திருக்கிறது. இந்தப் பாக்டீரியா அந்தச் சாந்தைக் கரைத்துவிடும். சுவர் நிற்காது, தோல் மட்டும் அப்படியே இருக்க, உள்ளே எல்லாம் கூழ். நான் அழுத்திப் பார்த்தது அதைத்தான். 25 முதல் 30 டிகிரி வெப்பம் இதற்கு மிகவும் தோதானது. குமரி மாவட்டத்தின் மழைக்காலம் அதற்கென்றே அளந்து செய்தது போல இருக்கிறது.

இன்னொரு எதிரியை நிலக்கடலை போட்டவர்கள் பார்த்திருப்பார்கள். தண்டின் அடியில் வெள்ளை நூல் படர்ந்து, அதன்மேல் கடுகு கடுகாக உருண்டைகள் இருக்கும். ஸ்கிளெரோஷியம் என்ற பூஞ்சை. சூடான ஈரமண்ணில் ஐரிஸின் கழுத்தையும் அது பிடிக்கும். இதில் நாற்றம் வராது, இலைகள் அடியிலிருந்து பழுத்துச் சரியும். காற்றில் ஈரம் அதிகமானால் இலையில் பழுப்புப் புள்ளிநோயும் வரும். அது செடியைக் கொல்லாது, அசிங்கப்படுத்தும், அவ்வளவுதான்.

இங்கே ஒரு வேடிக்கை. இதே கிழங்கைத் தோல் சீவி, மூன்று முதல் ஐந்து வருடம் வரை உலர வைத்தால் மெல்ல மெல்ல ஒரு வாசனை உருவாகும். இத்தாலியின் பிளாரன்ஸ் பக்கத்தில் இதற்காகவே வளர்க்கிறார்கள். ஆரிஸ் வேர் என்று வாசனைத் திரவியக்காரர்கள் பெரிய விலை கொடுத்து வாங்கும் சரக்கு. காய்ந்தால் அத்தர், நனைந்தால் செத்த எலி.

இரண்டு நாட்காட்டிகள்

ஐரிஸின் நாட்காட்டியையும் நம் நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குளிர் நாடுகளில் ஏப்ரல் தொடங்கி ஜூன் வரை, வகைக்கேற்ப, அது பூக்கும். பூக்கும் வரை மிதமான ஈரம் வேண்டும். பூ முடிந்ததும் பக்கக் கிழங்கு விட்டு, ஜூலை, ஆகஸ்டில் ஓய்வு. அப்போது மண் காய்ந்திருக்க வேண்டும். தோண்டிப் பிரித்து நடுவதும் அந்தச் சமயத்தில்தான். இலையுதிர் காலத்தில் கொஞ்சம் மழை, புது வேர். டிசம்பரிலிருந்து கடும் குளிர், உறக்கம்.

நமக்கு? ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு. மூச்சு விடுவதற்குள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை துலாமழை. இரண்டு மழையும் கிடைப்பதால்தான் இங்கே கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல். நெல்லுக்கு வரமான அந்த நீட்சிதான் ஐரிஸுக்குச் சாபம். அது காய்ந்து கிடக்க வேண்டிய மாதங்களில் நாம் அதை நனைக்கிறோம். நமக்கு மழை விட்டுக் காயும் தை, மாசி, பங்குனியில் அதற்குக் குளிர் வேண்டும், கிடைப்பது வெயில்.

மாவட்டம் முழுக்க ஒரே மாதிரி என்று நினைக்கவேண்டாம். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தழைக்கும் அளவுக்கு மழையும் ஈரக்காற்றும். திறந்த நிலத்தில் ஐரிஸ் நடுவதை அங்கே யோசிக்கவே வேண்டாம். கிழக்கே ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் கணவாய்க் காற்று காற்றாலைகளையே சுற்ற வைக்கிறது, மழையும் குறைவு. இலை நனைந்தாலும் சீக்கிரம் உலரும். அழுகல் கணக்கில் மட்டும் பார்த்தால், மாவட்டத்தில் ஐரிஸுக்கு ஓரளவு வசதியான பக்கம் அதுதான். தோவாளைக்காரர்கள் பூவில் கைதேர்ந்தவர்கள். அவர்கள் மல்லியையும் பிச்சியையும் நம்பியிருப்பது சும்மா இல்லை. அந்தச் செடிகளுக்கு இந்த வெயில் சரி.

பூ ஏன் வருவதில்லை?

என் தொட்டிச் செடி தாழ்வாரத்தில் மழை படாமல் இருந்ததால் அழுகவில்லை. இலை பச்சைப்பசேலென்று இருக்கிறது. பக்கத்தில் இரண்டு குட்டிக் கிழங்குகூட விட்டது. ஆனால் பூத்தண்டு வரவே இல்லை. ஈரத்தைச் சரிசெய்து உயிரைக் காப்பாற்றலாம். பூவுக்கு வேண்டியது குளிர்காலம்.

பல வாரங்கள் தொடர்ந்து குளிர் பட்டால்தான் கிழங்கின் முனையில் இருக்கும் மொட்டு, இலை மொட்டாக இருப்பதை விட்டுப் பூ மொட்டாக மாறும். ஆப்பிளும் குளிர் படாமல் சரியாகப் பூக்காது. கடையில் வாங்கின ஆப்பிளின் விதையை முளைக்கப் போட்டு, மரம் வந்தும் பழம் வராமல் காத்திருப்பவர்களுக்கு இது தெரியும். நம் பக்கத்து உதாரணம் வேண்டுமானால் மாமரம்: மழை ஓய்ந்து இரவில் கொஞ்சம் குளிர் தட்டியதும் மார்கழி, தையில் மொட்டு தள்ளுகிறது. மாவுக்கு அந்தச் சின்னச் சிலுசிலுப்பே போதும். ஐரிஸ் எதிர்பார்ப்பது தண்ணீர் உறையும் அளவுக்குப் பக்கத்தில் போகும் குளிர். நாகர்கோவிலில் இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். அந்தச் செடியைப் பொறுத்தவரை இங்கே கோடை முடியவே இல்லை.

முடியாத கோடைக்கு இன்னொரு விலையும் உண்டு. இரவு சூடாக இருந்தால் செடி மூச்சு விடும் வேகம் கூடும், பகலில் சேர்த்த மாவுச்சத்தை இரவில் எரித்துவிடும். பத்தாயத்தில் நெல் ஏறுவதற்கு முன்னாலேயே அள்ளித் தின்பது போல. கிழங்கு வருடா வருடம் ஒல்லியாகும். என் குட்டிக் கிழங்குகள் தாயைவிட மெலிந்திருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் முயன்று பார்க்கத் தகுந்த இடம் ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலைகள்தான். 2,000 மீட்டருக்கு மேலே, டிசம்பர், ஜனவரியில் புல்லில் உறைபனி படியும் இடங்கள். அங்கே குளிர்ப் பிரச்சினை தீரும். மழைக்குச் சரிவான மேட்டுப்பாத்தி போட்டுக்கொள்ள வேண்டும். நம் மாறாமலையும் மலைதானே என்று கேட்கலாம். அங்கே குளிர்ச்சி உண்டு, குளிர்காலம் இல்லை. அதனால்தான் அங்கே கிராம்பு செழிக்கிறது. 2021இல் புவிசார் குறியீடு வாங்கிய கன்னியாகுமரிக் கிராம்பைக் காஷ்மீரில் நட்டால் ஒரே பனியில் கருகிவிடும். அதற்காகக் காஷ்மீர் மண்ணை யாரும் திட்டமாட்டார்கள்.

இருந்தாலும் வளர்த்துப் பார்க்க வேண்டுமென்றால்

பூவை எதிர்பார்க்காமல், வாள் இலைக்காகவும் ஆசைக்காகவும் என்றால் தொட்டியில் வைக்கலாம். மண்தொட்டி, அகலம் அதிகம், ஆழம் குறைவு, அடியில் தாராளமான ஓட்டை. கலவையில் பாதிக்கு மேல் கரடு இருக்கவேண்டும்: சரல், உடைத்த ஓடு, கரடான மணல், கொஞ்சம் கரி. மீதி செம்மண். நம் செம்மண் பெரும்பாலும் புளிப்பு மண் என்பதால் ஒரு கைப்பிடி நீற்றின சுண்ணாம்பு கலந்தால் நல்லது.

நம்மூரில் எல்லாரும் செய்யும் தப்பு தேங்காய்நார்க் கழிவு. கயிறு திரிக்கும் ஊர், சும்மா கிடைக்கிறது, எந்தத் தொட்டியிலும் அதைப் போட்டு நிரப்புகிறோம். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் பொருள் அது. ரோஜாவுக்குச் சரி, ஐரிஸுக்கு ஈரத் துணியில் சுற்றி வைத்தது போல. சாணமும் பிண்ணாக்குக் கரைசலும் வேண்டாம். தழைச்சத்து ஏறினால் இலை கொழுத்து, சதை மென்மையாகி, அழுகலுக்குக் கதவு திறக்கும்.

காலையில் நல்ல வெயில், ஆறு மணி நேரமாவது. ஆனால் பங்குனி, சித்திரையின் மதிய வெயிலில் திறந்த கிழங்கு வெந்துவிடும், அப்போது மட்டும் நிழல். தண்ணீர் ஊற்றும் முன் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஒட்டினால் ஊற்றாதீர்கள். மழைக்காலம் முழுக்கத் தொட்டி கூரைக்குக் கீழே.

நிலத்தில்தான் வைப்பேன் என்பவர்கள் முதலில் ஒரு அடி ஆழத்துக்குக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்பி விட்டுப் பாருங்கள். வடிந்த பிறகு இன்னொரு தடவை நிரப்புங்கள். இரண்டாவது தடவை ஊற்றியது இரண்டு மூன்று மணி நேரம் கழித்தும் அங்கேயே நின்றால் அந்த இடத்தில் சேம்பு நடலாம்.

அழுகல் தொடங்கியதை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் காப்பாற்ற முடியும். கிழங்கை வாரம் ஒருமுறை கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், பழுத்த கொய்யா போல அமுங்கினால் உடனே தோண்டுங்கள். கூழான இடத்தைக் கத்தியால் சீவி எறிந்து, கெட்டியான வெள்ளைச் சதை வரும்வரை வெட்டுங்கள். பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து வெட்டுவாயைக் கழுவி, இரண்டு மூன்று நாள் காயப்போட்டுவிட்டு நடலாம். கத்தியையும் அதிலேயே கழுவுங்கள். அடுத்த கிழங்குக்கு நோயைக் கொண்டுபோவது பெரும்பாலும் அந்தக் கத்திதான்.

பூதான் வேண்டுமென்றால் இதன் உறவினர்களைப் பாருங்கள். வாக்கிங் ஐரிஸ் என்று நர்சரிகளில் கிடைக்கும் நியோமரிகா, பிரேசில் பக்கத்துச் செடி. ஐரிஸ் குடும்பம், வெப்பமும் ஈரமும் பழகியது. பூத்த தண்டின் நுனியிலேயே குட்டிச்செடி முளைத்து, கனம் தாங்காமல் வளைந்து மண்ணைத் தொட்டு வேர் விடும். அப்படியே நடந்து நடந்து இடத்தைப் பிடிக்கும். பிளாக்பெர்ரி லில்லி என்ற பெயரில் வரும் செடி அதைவிட நெருக்கம். ஆரஞ்சு நிறப் பூவில் சிவப்புப் புள்ளி. பெயரில்தான் லில்லி, பெலம்கண்டா என்று தனியாக வைத்திருந்த அதை 2005இல் ஐரிஸ் பேரினத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். தாடி மட்டும் கிடையாது.

என் விளையில் அந்த இரண்டு குழியிலும் இப்போது அதுதான் நிற்கிறது. போன மாதம் காய் வெடித்து, உள்ளே கருப்பு முத்துக் கொத்து தெரிந்தபோது பாட்டா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "இது வசம்பு இல்லல்லா மக்ளே" என்றார்.